ஒரு நாளைக்கு ஒரு முழம்

மழை பிந்திப்போன ஓர் ஆவணி மாசம், செவ்வாய்க்கிழமை காலையில், பனைக்குறிச்சி அந்தோணிப்பிச்சை தன் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கதவைத் திறந்து பார்த்தபோது, கியர்பெட்டியைத் திறந்து பாதி வேலையில் விட்டிருந்த சந்தனமாரியின் கார், எஞ்சின் ஓடாமலும் யாரும் தள்ளாமலும், முந்தின நாள் நிறுத்தின இடத்திலிருந்து ஒரு முழம் கிழக்கே போயிருந்தது. அவர் தரையைப் பார்த்தார், தரை மட்டமாகத்தான் இருந்தது. கைப்பிரேக்கைப் பார்த்தார், அது இழுத்தபடியேதான் இருந்தது. பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடி முடிவதற்குள் கார் ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தது.

சந்தனமாரி மூன்று தெரு தள்ளியிருந்து ஓடி வந்தாள். அவள் எங்கேயும் ஓடித்தான் வருவாள். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி, யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோலவே உட்கார்ந்திருப்பாள். விருதுநகர்ப் பக்கம் ஒரு பருத்தி ஆலைக்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த அந்த வண்டியை விலைக்கு வாங்கி, அதிலேயே ஓட்டப் படித்து, பதினான்கு வருஷமாக வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். கோழி முட்டையிட்ட வண்டி என்பதாலும் பார்க்கவே முட்டைபோல இருந்ததாலும் ஊரில் அதற்கு முட்டைக்கார் என்று பேர். வலி எடுத்த பெண்களைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவள்தான்; பின்சீட்டிலேயே பிறந்த இரண்டு பிள்ளைகள் ஊரில் ஓடித் திரிந்தன.

"நேத்து ஸ்பிரிங்கு துள்ளுச்சில்லா, அதோட போச்சே ஒரு முளை, அதுதான் காரணம்," என்றார் அந்தோணிப்பிச்சை. "அது இல்லாம நியூட்ரல் நிக்க மாட்டேங்குது மாரி. நிக்க முடியாத வண்டி நகரத்தானே செய்யும்."

அவள் வண்டியின் நெற்றியில் கையை வைத்தாள். உள்ளே எதுவும் ஓடவில்லை. ஆனாலும் கைக்குக் கீழே அது போய்க்கொண்டிருந்தது, தூங்குகிற மாட்டின் வயிறு ஏறி இறங்குவது போல, அவசரமில்லாமல்.

அந்த முளை சுண்டுவிரல் நக நீளம்தான் இருக்கும். இரண்டு முனையும் உருண்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கேப்சூல் மாத்திரைபோல இருக்கும். கியர்பெட்டிக்குள் இரண்டு தண்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, ஒரு கியர் விழுந்திருக்கும்போது இன்னொன்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. முந்தின நாள் மூடியைத் திறந்தபோது ஸ்பிரிங்கு துள்ள, முளை பறந்து தகரக் கூரையில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு எங்கேயோ போயிருந்தது. இருவரும் ஒர்க்‌ஷாப் மண் முழுவதையும் மாவு சல்லடையில் சலித்தார்கள். ஆணிகளும் வாஷர்களும் யாருடைய கொலுசிலிருந்தோ விழுந்த ஒரு திருகும் கிடைத்தன, முளை கிடைக்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு லேத்துக்காரர் அதேபோல மூன்று கடைந்து கொடுத்தார். ஒவ்வொன்றையும் போட்ட மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் அப்பளமாக நசுங்கியிருந்தது. "அது கம்பெனிக்காரன் பதம் போட்ட இரும்பு," என்றார் லேத்துக்காரர். "நம்ம ஊர் உலையில அந்தப் பதம் வராது. அசலைத்தான் தேடணும்." அந்த மாடல் கார் செய்வதை நிறுத்தி முப்பது வருஷமாகியிருந்தது.

இதற்குள் வண்டியை நிறுத்த ஊரே முயன்று பார்த்தது. சக்கரத்துக்கு முன்னால் கருங்கல் வைத்தார்கள். இரண்டு நாளில் கல் பொடியானது. சங்கிலி போட்டு வேப்பமரத்தில் கட்டினார்கள். மரம் கிழக்கே சாயத் தொடங்கியதும், மரம் பாவம் என்று அவிழ்த்துவிட்டார்கள். எதையும் முட்டிமோதாமல், யாரையும் இடிக்காமல், இரவும் பகலும் ஒரே நிதானத்தில், ஒரு நாளைக்கு ஒரு முழம் என்று அது போய்க்கொண்டிருந்தது. பத்தாம் நாள் ஊர்க் கமிட்டி கூடி, போகிற வண்டி போகட்டும், ஆனால் எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்தது.

கொத்தனார் முத்துவீரன் காரின் முன்பக்கத்து நடுவில் நூலைக் கட்டி, தூக்குக்குண்டு பார்த்து, நேர்கிழக்கே இழுத்துக்கொண்டு போனார். நூல் தெருவைக் கடந்தது, காய்ந்த ஓடையின் பாலத்தின்மேல் போனது, காரின் அகலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரேஷன் கடை மூலையை இரண்டு விரல்கடை இடைவெளியில் தப்பவிட்டது, பொட்டலைத் தாண்டியது, கடைசியில் சுடலைமுத்து வீட்டு முன்சுவரில், ஜன்னலுக்குக் கீழே போய் முட்டியது. முட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்துவின் கட்டில் கிடந்தது. கிளம்பின இடத்திலிருந்து அறுபத்திரண்டு முழம் என்று முத்துவீரன் சொன்னார்.

சுடலைமுத்து முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினவர். தூத்துக்குடி உப்பை ஏற்றிக்கொண்டு கவுகாத்தி வரைக்கும் போய் வந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால், நின்றுகொண்டிருந்த லாரியின்மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து கட்டிலும் ஜன்னலும்தான். வெளியே கூட்டிப்போகிறோம் என்று வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். சந்தனமாரியே மூன்று முறை கேட்டு மூன்று முறையும் வேண்டாம் என்ற தலையசைப்பைத்தான் வாங்கியிருந்தாள்.

நூல் பிடித்த அன்று மத்தியானம் அவருடைய சம்சாரம் பேச்சித்தாய் சந்தனமாரியைத் தேடி வந்தாள். உட்காரவில்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"ஏளா மாரி, அந்தச் செவுத்துலதான் மச்சு உத்தரமே உக்காந்திருக்கு. செவுரு போனா வீடு போச்சு. அவியகிட்ட இடம் மாறுவோம்னு சொன்னா, கட்டிலை விட்டு அசைய மாட்டேங்காவ. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"அதுக்குள்ள முளையைக் கொண்டாந்திருதேன் மைனி," என்றாள் சந்தனமாரி.

"அம்பத்திரண்டு நாள்தான் இருக்கு."

"கொண்டாந்திருதேன்."

சொல்லிவிட்டாளே தவிர அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

திருநெல்வேலியில் தேடினாள். மதுரையில் பழைய சாமான் விற்கிற தெருவில் நாலு நாள் கிடந்தாள். நசுங்கின முளை ஒன்றைத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி, "இது நசுங்கலைன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி," என்று கேட்டாள். சைக்கிள் குண்டு கொடுத்தார்கள், பேரிங் ரோலர் கொடுத்தார்கள், தையல் மெஷினுக்குள் இருக்கிற ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். ஒன்று ஒரு மயிரிழை பெரியது, ஒன்று ஒரு மயிரிழை சின்னது. கோயம்புத்தூரில் ஒருவர் ஒரு டப்பா நிறையக் கொட்டிக் காட்டி, இதில் இருந்தால் உன்னுடையது என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தாள், இல்லை. பஸ்ஸில் உட்காரும்போதெல்லாம் அவள் வலது கால் தானாகவே இல்லாத ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கே இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தோணிப்பிச்சைக்குப் போன் போட்டு, "எங்க இருக்கு?" என்று கேட்பாள். "ஓடைப் பாலத்துல ஏறிட்டு," என்பார். "பாலத்தை விட்டு எறங்கிட்டு," என்பார்.

இடையிடையே ஊருக்கு வந்தபோதெல்லாம், ஊர் வண்டிக்குப் பழகிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். டவுன் பஸ் பொட்டலைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் தினமும் காலையில் பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போட்டார், ஏனென்றால் டீ குடிக்க வருகிறவர்கள் வண்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார விரும்பினார்கள். இரண்டு ஏட்டுகள் வந்து, இது நிற்கிற வண்டியா ஓடுகிற வண்டியா என்று வெகுநேரம் யோசித்தார்கள்; நின்றால் ஒரு குற்றம், டிரைவர் இல்லாமல் ஓடினால் வேறு குற்றம், இரண்டுக்கும் நடுவில் எழுதுவதற்கு அவர்களிடம் சீட்டு இல்லை, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போடும்போது, முகூர்த்தத்தன்று முட்டைக்கார் இருக்கும் இடத்துக்கு வடக்கே என்று அச்சடித்தார்கள், நாளைக் கணக்கிட்டுச் சரியாகவும் போட்டிருந்தார்கள்.

முதலில் அதில் ஏறினது பச்சைப்பிள்ளைக்காரிகள். பாலுக்கும் தாலாட்டுக்கும் அடங்காமல் அழுகிற பிள்ளைகள், பின்சீட்டில் கிடத்தினதும் அடங்கித் தூங்கின. பிறகு பெரியவர்களும் ஏறினார்கள். புருஷனோடு கோபித்துக்கொண்ட பெண்கள், "நான் எங்க அம்மை வீட்டுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் பையோடு வந்து காரில் உட்கார்ந்தார்கள். மேற்கே அம்மா வீடு உள்ளவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் இருந்து, பத்துப் பன்னிரண்டு விரல்கடை தூரம் போனபிறகு, போதும் என்று தோன்றி இறங்கி வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். துபாய்க்கு விசா வராத ஒரு பையன் ஒரு வாரம் முழுக்க முன்சீட்டில் உட்கார்ந்து போனான். எங்கேயும் போயிராத, எங்கேயாவது போக வேண்டும் என்று வெளியே சொல்லியுமிராத எத்தனையோ பேர் அந்த ஊரில் இருந்தார்கள் என்பது, கதவுக்குப் பக்கத்தில் வரிசை நின்றபோதுதான் தெரிந்தது.

"தேடுறதை விட்ருளா," என்றுகூடச் சிலர் அவளிடம் சொன்னார்கள். "நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு."

"செவுரு?" என்று அவள் கேட்டாள். அந்த வாரம் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தபோது பக்கத்து ஊரிலிருந்து வண்டி வந்து சேர வெகுநேரமானது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் காத்திருந்த அந்த நேரம் முழுவதும் சந்தனமாரி தெருவில் மேலும் கீழுமாக நடந்த நடையில் அவள் செருப்பு வார் அறுந்துபோயிற்று.

நாற்பத்தொன்பதாம் நாள் அவள் சென்னையில் இறங்கினாள். புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட எஞ்சின்களும் கதவுகளும் விளக்குகளும் இருபுறமும் மலையாகக் குவிந்த சந்துகளில் எட்டு நாள் அலைந்தாள். கடைசியாக ஒரு முடுக்கில், கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மைதீன் பாய், நசுங்கின முளையை வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாடலின் பெயரைத் தானாகவே சொன்னார்.

"இது தனியா கிடைக்காதும்மா. பொட்டியோடதான் கிடைக்கும். கடைசியா என்கிட்ட மூணு பொட்டி இருந்துது. உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்கதான் வந்து தூக்கிட்டுப் போனாங்க."

"எங்க ஊர்ப் பக்கமா?"

"மணல்முக்குன்னு சொன்னாங்க. போட்டுக்காரங்க. நங்கூரம் போடறதுக்கு வெயிட்டா இரும்பு வேணும்னாங்க. இது நல்ல வெயிட்டு." பாய் முளையைத் தாளில் பொதிந்து திருப்பிக் கொடுத்தார். "கிரீஸ் வெச்சு அடைச்ச பொட்டிம்மா. உள்ள தண்ணி போயிருக்காது. போய்ப் பாரு."

மணல்முக்கு, பனைக்குறிச்சியிலிருந்து பதினாலு கிலோமீட்டர். அவள் இரவுப் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய், மாவு அரைக்கிற திருகையின் இரண்டு கல்லையும் சாக்கில் கட்டி, அந்தோணிப்பிச்சையையும் ஸ்பானர்ப் பையையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். அன்றைக்கு ஐம்பத்தெட்டாம் நாள்.

மூன்று பெட்டியில் இரண்டு கடலோடு போயிருந்தது. மூன்றாவது சூசை என்பவருடைய படகில் இருந்தது. அவர் வலையில் சிக்கின பாசியை எடுத்துக்கொண்டே அவள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"நங்கூரம் இருந்தாத்தான்மா படகு நிக்கும். உன் வண்டி நிக்கணும்னு என் படகை அலைய விடச் சொல்லுதியே."

அவள் சாக்கை அவிழ்த்துக் கல்லைக் காட்டினாள். நடுவில் துளை உள்ள கல். சூசை கயிற்றை அந்தத் துளைக்குள் கொடுத்து முடிச்சுப் போட்டு, தூக்கிப் பார்த்து, படகிலிருந்து இறக்கிப் பார்த்தார். படகு கொஞ்சம் ஆடி, கயிறு விறைத்து, நின்றது. "எங்க வீட்டுல இனிமே மாவு அரைக்க வேண்டாம்," என்றாள் சந்தனமாரி. அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கரையில் உருட்டிவிட்டார்.

சிப்பி ஒட்டி, உப்பு பூத்து, போல்ட்டுகள் துருவில் கரைந்துபோயிருந்த பெட்டியை அந்தோணிப்பிச்சை உளியால் பிளந்தார். உள்ளே கிரீஸ் தேன்மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. சந்தனமாரி இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் உருண்டையாக ஒன்று பட்டது. வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தபோது, அது அன்றைக்குத்தான் வார்த்ததுபோல மின்னியது. அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அந்தோணிப்பிச்சை பிறகு பலரிடமும் சொன்னார், அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

அவர்கள் ஊர் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கார் பொட்டலைக் கடந்து, சுடலைமுத்து வீட்டு ஜன்னலுக்கு நாலு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தோணிப்பிச்சை கதவைத் திறந்து, சீட்டுக்கு நடுவிலிருக்கும் தகட்டைக் கழற்றக் குனிந்தார். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி. அதைப் போடாத."

சந்தனமாரி ஜன்னலுக்குப் போனாள். சுடலைமுத்து கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கையும் திரண்டு உருண்டு இருந்தன. அவற்றில் மட்டும் இன்னும் லாரி ஓட்டின ஆள் மிச்சமிருந்தார்.

"எட்டு வருஷமா எல்லாரும் என்னைத் தூக்கிட்டுப் போறேன்னுதான் வாராங்க," என்றார். "நான் முப்பது வருஷம் மூட்டை ஏத்தினவன். மூட்டையை எப்படித் தூக்குவாங்க, எங்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இது ஒண்ணுதான் தங்கச்சி நான் இருக்கிற இடத்துக்கு வருது. அம்பத்தெட்டு நாளா பாத்துக்கிட்டிருக்கேன். வரட்டும்."

பேச்சித்தாய் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஒங்களுக்கு வண்டி வருது," என்றாள். "எனக்குச் செவுரு போகுது."

சந்தனமாரி காருக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். வார்த்தை கொடுத்தது பேச்சித்தாய்க்கு, கேட்பது சுடலைமுத்து. முளையைப் போடு என்று சொல்லிவிட்டால் அந்தோணிப்பிச்சை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார், நாளைக்கே அவள் வண்டியில் ஏறிப் போய்விடலாம், கால் அதற்குத்தான் துடித்தது. ஜன்னல் பக்கம் போகும்போது போடக்கூடாது என்று தோன்றியது. வாசல் பக்கம் வரும்போது போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, முளையைப் பேச்சித்தாயின் கையில் வைத்தாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் மைனி. உங்க வீடு. நீங்க போடுன்னா இந்த நிமிசமே போடுதோம்."

பேச்சித்தாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இதற்காகவா இத்தனை என்பதுபோல இருந்தது அவள் பார்வை. இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு நாள் போனது, மூன்று முழம் மிச்சமிருந்தது. இன்னொரு நாளும் போனது. சந்தனமாரி பொட்டலிலேயே கிடந்தாள், வண்டியோடு அடிமேல் அடி வைத்து நடந்தாள், யார் காரில் ஏற வந்தாலும் வேண்டாம் என்று அனுப்பினாள். மூன்றாம் நாள் காலையில் பேச்சித்தாய் கொத்தனார் முத்துவீரன் வீட்டுக்குப் போவதைப் பார்த்தாள். பின்னாலேயே ஓடினாள்.

"உத்தரத்துக்கு முட்டுக் குடுங்க," என்று பேச்சித்தாய் முத்துவீரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பனந்தடி எத்தனை வேணுமோ ஊருக்குள்ள கேளுங்க. செவுத்தைக் கல்லு கல்லா எடுங்க, ஒடைக்காதீங்க, பொறவு கட்டணும். நிலையையும் கதவையும் மட்டும் தொடக்கூடாது. அது எங்க அய்யா எனக்குச் செஞ்சு குடுத்த கதவு."

சந்தனமாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குக் காலைல கண்ணாடியைக் கொண்டான்னாவ," என்றாள் பேச்சித்தாய், அவளைத் திரும்பிப் பார்க்காமல். "எட்டு வருஷமா நான்தான் செரைச்சு விடுதேன். இன்னைக்கு அவியளே செரைச்சாவ. தாடையில ரெண்டு இடத்துல வெட்டு. அவியளே தொடைச்சுக்கிட்டாவ."

அன்று ஊரே வந்தது. பனந்தடிகள் வந்தன. காரில் உட்கார்ந்து அம்மா வீட்டுக்குப் போன பெண்களெல்லாம் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் முன்சுவர் முழுவதும் பொட்டலில் அடுக்காக உட்கார்ந்திருந்தது. மச்சு உத்தரத்தைப் பனந்தடிகள் தாங்கின. நிலையும் கதவும் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல் தனியாக நின்றன. வந்தவர்கள் திறந்த பக்கமாக நுழையாமல், பழக்கத்தில் கதவு வழியாகவே குனிந்து போய் வந்தார்கள்.

அறுபத்திரண்டாம் நாள் கார் சுவர் இருந்த கோட்டைத் தொட்டது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு முழமாக அது வீட்டுக்குள் நுழைந்தது. கட்டிலை வடக்குச் சுவரோரம் ஒதுக்கி, கார் சீட்டின் உயரத்துக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினார்கள். பேச்சித்தாய் காரைச் சுற்றிக்கொண்டுதான் சமைத்தாள், பானட்டின்மேல் வற்றல் காயவைத்தாள், ஒரு நாள் அதன் விளக்கைத் துணியால் துடைப்பதைக்கூடச் சந்தனமாரி பார்த்தாள். சுடலைமுத்து சாப்பிடும்போதும் கண்ணை எடுக்கவில்லை. பானட் அவரைக் கடந்தது. கண்ணாடி கடந்தது. அறுபத்தொன்பதாம் நாள் காலையில் முன்கதவு கட்டிலுக்கு நேராக வந்தது. பானட் நுனிக்கும் அடுப்படிச் சுவருக்கும் ஒரு முழம்தான் பாக்கி.

"யாரும் தொடக்கூடாது," என்றார் சுடலைமுத்து.

யாரும் தொடவில்லை. அவர் கையை ஊன்றி, இடுப்பை ஒரு விரல்கடை நகர்த்தினார். மூச்சு வாங்கினார். மறுபடி ஊன்றினார். செத்த கால்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார். இதற்குள் கார் நகர்ந்து சீட்டு தள்ளிப்போகும். பின்வாங்கி, கட்டிலில் மேலே ஏறி, முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு தரம் அப்படி ஆயிற்று. சந்தனமாரி தன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள், இல்லையென்றால் அவை தானாகப் போய்த் தூக்கிவிடும். உச்சி வெயில் நேரத்தில் அவர் சீட்டில் முழுசாக உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, கதவைத் தானே சாத்தினார். கூட்டத்தில் நின்ற டீக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார்.

அந்தோணிப்பிச்சை அந்தப் பக்கக் கதவு வழியாக நுழைந்து தகட்டைக் கழற்றினார். "குடுங்க," என்று கையை நீட்டினார். பேச்சித்தாய் சுருக்குப்பையைத் திறந்து, முளையை அவரிடம் கொடுக்காமல், கார் ஜன்னல் வழியாகப் புருஷன் கையில் கொடுத்தாள்.

சுடலைமுத்து அதை உள்ளங்கையில் உருட்டினார். "இதைப் போட்டா நின்னுருமா?"

"நின்னுரும்," என்றார் அந்தோணிப்பிச்சை.

"போடாட்டி?"

"நாளைக்கு அடுப்படிச் செவுரு. அப்புறம் வாய்க்கா. அப்புறம் உடைமரக் காடு. அதுக்கு அங்கிட்டு என்னன்னு நூல் புடிச்சுப் பாக்கலை."

சுடலைமுத்து கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது, ஆனால் அவர் சுவரைப் பார்க்கவில்லை என்று சந்தனமாரிக்குத் தெரிந்தது; அந்தப் பார்வையை அவள் தன் முகத்திலேயே பஸ் கண்ணாடிகளில் பார்த்திருக்கிறாள். அவர் பார்த்து முடிப்பதற்குள் கார் ஒரு விரல்கடை போயிற்று.

"என் அடுப்பையும் எடுக்கணும்னா சொல்லுங்க," என்றாள் பேச்சித்தாய். குரலில் கோபமில்லை. "முட்டுக் குடுக்க இன்னும் தடி இருக்கு. கல்லை எடுக்க நானே வாரேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வியர்வையில் மாவுக்கை பட்டு, நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது அவளுக்கு. எட்டு வருஷமாகத் தினம் பார்க்கிற முகத்தை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு குனிந்து, அந்தோணிப்பிச்சையின் கைக்குக் காத்திராமல், பெட்டிக்குள் தன் விரலை விட்டு இரண்டு தண்டுக்கும் நடுவே முளையைப் படுக்கவைத்தார். உள்ளே மெதுவாக ஒரு சத்தம் கேட்டது, பூட்டில் சாவி திரும்புவதுபோல. கார் நின்றது.

அது நின்றதைக் கூட்டத்தில் எல்லோரும் காலடியில் உணர்ந்தார்கள். சிலர் பிடிமானத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டார்கள். தூக்கத்தில் இருந்த ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

அந்தோணிப்பிச்சை மூடியை முடுக்கிவிட்டு இறங்கினார். சந்தனமாரி ஏறி உட்கார்ந்தாள். அறுபத்தொன்பது நாள் கழித்துச் சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. ரிவர்ஸ் கியர் சோற்றில் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது.

"வா," என்றார் சுடலைமுத்து, தலையை வெளியே நீட்டி. "வா, வா. கொஞ்சம் ரைட்டு ஒடி. தடி இருக்கு. வா. ஸ்ட்ரைட். வா."

அவர் சொல்லச் சொல்ல அவள் பின்னால் எடுத்தாள். வீடு முன்னால் போயிற்று, பொட்டல் போயிற்று, பாலம் போயிற்று. அறுபத்தொன்பது நாள் வந்த தூரம் முழுவதும் ஒரு நிமிஷத்தில் கழிந்து, ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நின்றது. அங்கே திருப்பிக்கொண்டு மறுபடி வீட்டு வாசலுக்கு வந்தபோது பேச்சித்தாய் வேறு சேலை கட்டியிருந்தாள். வெளியே வந்து, சுவரில்லாத வீட்டின் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே கட்டிலும் பானைகளும் அடுப்பும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தன. அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் ஒருவரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

பைபாஸ் முக்கில் சந்தனமாரி பிரேக் போட்டாள். வண்டி நியூட்ரலில் அசையாமல் நின்றது. அதன்மேல் அவளுக்கு நம்பிக்கை வர ஒரு நிமிஷம் ஆயிற்று. கிழக்கும் மேற்குமாகக் கனரக லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கும் சுடலைமுத்து உதட்டுக்குள் ஏதோ சொன்னார், அது எந்த ஊர் நம்பர் என்றோ, எத்தனை டன் என்றோ.

"எங்கண்ணே போவோம்?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். எட்டு வருஷமாக எத்தனையோ ஊர்ப் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்திருப்பார். எதுவும் வெளியே வரவில்லை. சந்தனமாரி ஸ்டியரிங்கில் விரலைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இடது பக்கம் போ மாரி," என்றாள் பேச்சித்தாய் பின்சீட்டிலிருந்து.

சந்தனமாரி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, காற்றுக்குத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரி முதல் கியரைப் போட்டாள். சுடலைமுத்து, பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்படி, இடது கையை முழுசாக வெளியே நீட்டினார்.